காரில் கீறல் விழாமல் ஸ்நோ தள்ளுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் புதிதாக வந்த சொந்தக்காரரும் கூட வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான்: காருக்கு மேல் கொட்டிக் கிடக்கும் பனியை எதனால் தள்ளுவது, எப்படித் தள்ளுவது, பெயின்றில் கீறல் விழாதா? நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 18 வின்ரர் பார்த்துவிட்டேன். கராஜ் இல்லாத வீடு, கார் எப்போதும் வெளியில்தான் நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பனி பஞ்சு மாதிரித்தானே இருக்கிறது, அது எப்படி பெயின்றைக் கீறும்?

பனி கீறாது. பனிக்கு அடியில் கிடப்பதுதான் கீறும்.

இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை வீதியில் உப்புக் கொட்டுவார்கள், சில இடங்களில் மணலும் சேர்த்துக் கொட்டுவார்கள். ஹூரன் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இருக்கும் கோட்ரிச் (Goderich) சுரங்கம்தான் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம், அது இருப்பது நம்முடைய ஒன்ராறியோவில்தான். வீதியில் போடும் உப்பு குசினி உப்பு மாதிரி தூளாக இருக்காது. ஊரில் ஆனையிறவு உப்பைச் சிரட்டையால் அள்ளும்போது பார்த்த கல்லுக்கல்லான உப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு மண்ணும் கற்துகளும் கலந்திருக்கும். முன்னால் போகும் வாகனத்தின் ரயர் அந்தச் சேற்றை உங்கள் கார் முழுக்கத் தெளிக்கும். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் அது காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்கு மேல்தான் இரவு முழுக்கப் பனி கொட்டுகிறது.

காலையில் நீங்கள் பிரஷ்ஷை அழுத்தி இழுத்தால் அந்த மண்ணை பெயின்றில் வைத்துத் தேய்க்கிறீர்கள். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறும். பெயின்றுக்கு மேல் பூசியிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேற்பூச்சு சாதாரணமாக 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். நாம் எழுதும் தாள் ஒன்றின் பாதித் தடிப்பு. காரின் பளபளப்பெல்லாம் அந்தப் பாதித் தாளில்தான் இருக்கிறது.

இன்னொன்று. குளிர் கூடக் கூட ஐஸ் இறுகும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் நகத்தாலேயே சுரண்டலாம். மைனஸ் 20 இல் உறைந்த துணுக்கு அப்படி இல்லை, அது கல்லோடு சேர்த்தி. அதனால் கடுங்குளிர் நாளில் பிரஷ்ஷின் முனையில் ஒட்டியிருக்கும் ஐஸ் கட்டியும் பெயின்றுக்கு எதிரிதான்.

அப்படியென்றால் எவ்வளவு பனியை எடுக்கலாம்?

பெயின்ற் இருக்கும் இடங்களில் ஒரு விரற்கடை பனியை விட்டுவிடுங்கள். மேலே இருப்பதைத் தள்ளுங்கள், அடியில் இருப்பதைத் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க நேரம் இருந்தால், இதை வைத்திருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி இரவு வேலை முடித்து வந்து, அடுத்த நாள் வெள்ளனவே திரும்பப் போகிறவர். கறுப்புக் கார். ஒருநாள் காலையில் கூரையைப் பளிச்சென்று வரும்வரை தேய்த்துக்கொண்டு நின்றார். நான் போய் பிரஷ்ஷை வாங்கி, கூரையின் நடுவில் வைத்து, என் பக்கமாக மெதுவாக இழுத்துக் காட்டினேன். மேல் பனி ஒரு பாளமாக வந்து காலடியில் விழுந்தது. கூரையில் மெல்லிய வெள்ளைப் படை ஒன்று மிஞ்சியது.

"தம்பி, வடிவாத் துடைச்சாத்தானே நல்லது? இது அரைகுறையாக் கிடக்கு."

"இல்லை அன்ரி, அதை அப்பிடியே விடுங்கோ. அந்தப் படைதான் பிரஷ்ஷுக்கும் பெயின்றுக்கும் நடுவில இருந்து காரைக் காப்பாத்துது."

அவர் மீதிப் பாதியை அப்படியே செய்தார். இழுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்றும் சொன்னேன். பனிக்குள் பிரஷ் போகும்போது சத்தமே இருக்காது. 'கரகர' என்று ஒரு சத்தம் வந்தால் நீங்கள் அடி மண்ணைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே கையைத் தூக்குங்கள்.

மிஞ்சும் மெல்லிய படை தூள் பனியாக இருந்தால் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும், அல்லது வெயில் பட்டுக் கரையும். ஈரப் பனி என்றால் அப்படி விட முடியாது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்தப் பிரஷ் வாங்குவது?

நார் இல்லாத, முழுக்க நுரையால் செய்த தலை உள்ளது. பார்த்தால் பெரிய அழிரப்பர் ஒன்றைத் தடியில் குத்தி வைத்தது மாதிரி இருக்கும். தடி நீட்டிச் சுருக்கக் கூடியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வான், எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்குக் கூரையின் நடுப்பகுதி எட்டாது. எட்டாதபோது என்ன செய்வோம்? காரில் சாய்ந்து எக்குவோம். அப்போது ஜக்கெற்றின் சிப்பும் பெல்ற் கொழுக்கியும் கதவில் உரசும். கதவின் மேல் விளிம்பில் மட்டும் குறுக்காக நாலைந்து கீறல் உள்ள காரைப் பார்த்தால், அநேகமாக இதுதான் காரணம்.

ஒரு பக்கம் நாரும் மறுபக்கம் ஸ்கிரேப்பரும் உள்ள பழைய பிரஷ்தான் எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அதைக் கண்ணாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைலோன் நார் குளிரில் விறைத்துக் கம்பி மாதிரி ஆகிவிடும், இடையில் மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரைத் தலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அதை நிலத்தில் போடக்கூடாது. டிரைவ்வேயில் வைத்து எடுத்தீர்களென்றால் அடியில் உப்பும் மண்ணும் குத்திக்கொண்டு வரும். எடுத்தவுடன் சப்பாத்தில் இரண்டு தட்டுத் தட்டி, கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் இருக்கும் தும்புத்தடியாலோ ஷவலாலோ தள்ளினால் என்ன?

செய்யாதீர்கள். நான் வந்த முதல் வருடம் அதைத்தான் செய்தேன். கடும் நீல நிறத்தில் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன், கனடாவில் என் கையால் உழைத்து வாங்கிய முதல் பொருள். வாசல் கூட்டும் தும்புத்தடியால் ஒவ்வொரு காலையும் கூட்டினேன். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் கார் எப்போதும் உப்புப் படிந்து சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. ஏப்ரலில் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினேன். பொனற் முழுக்கச் சிலந்தி வலை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வெயில் விழும் இடத்தைச் சுற்றி நூல் நூலாகக் கீறல்கள். அன்று எனக்கு வந்த கவலை இப்போதும் நினைவில் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

ஷவலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பல பிளாஸ்ரிக் ஷவல்களிலும் முனையில் உலோகப் பட்டை இருக்கும். காரில் அது படவே கூடாது. காருக்குப் பக்கத்தில் நிலத்துப் பனியை அள்ளும்போதும் கதவுக்கும் ஷவலுக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.

எந்த ஒழுங்கில் செய்வது?

முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். பனி அதை மூடியிருந்தால் கையாலோ காலாலோ விலக்குங்கள். மூடிய குழாயோடு எஞ்சினை ஓட விட்டால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். மணம் இல்லாத வாயு, ஆளை நித்திரையிலேயே கொன்றுவிடும். பெயின்றைப் பற்றி எழுதும் இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குளிருக்குப் பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றி வைத்துவிட்டு வெளியில் பனி தள்ளும் பெற்றோர் நிறையப் பேரைப் பார்க்கிறேன்.

அப்புறம் சாரதிப் பக்கக் கதவு விளிம்பில் உள்ள பனியைத் தட்டிவிட்டுக் கதவைத் திறங்கள், இல்லையென்றால் எல்லாம் இருக்கையில் கொட்டும். எஞ்சினைப் போட்டு, முன் கண்ணாடிக்குக் காற்றையும் பின் கண்ணாடிச் சூட்டையும் போட்டுவிடுங்கள். வைப்பர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூரை. மேலிருந்து கீழேதான் வர வேண்டும், கண்ணாடியை முதலில் துடைத்தால் கூரையில் இருப்பது திரும்ப அதில்தான் விழும். கூரையின் ஒரு பாதியை இந்தப் பக்கம் நின்று உங்களை நோக்கி இழுங்கள், மறுபாதியை அந்தப் பக்கம் போய் இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பது நல்லது. தள்ளும்போது கை தானாகக் கீழ்நோக்கி அழுத்தும், இழுக்கும்போது பிரஷ் எந்த உயரத்தில் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நிறையக் கொட்டியிருந்தால் ஒரே இழுவையில் எடுக்கப் பார்க்காதீர்கள். 2022 ஜனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவின் சில இடங்களில் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டியது. காரின் கூரை இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தூள் பனியே 100 கிலோ அளவில் வரும். அதை அடியில் பிடித்து இழுத்தால் அந்த எடை முழுக்க மண்ணைப் பெயின்றோடு அழுத்திக்கொண்டு நகரும். மேலிருந்து படை படையாக, கேக் வெட்டுவது மாதிரி, ஆறுதலாக எடுங்கள்.

கூரைக்குப் பிறகு பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், முன் கண்ணாடி, பொனற், டிக்கி. கடைசியாக லைற்றுகளும் நம்பர் பிளேற்றும். இதற்குள் உள்ளே ஹீற்றர் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

சுடுதண்ணி ஊற்றினால் உடனே கரையும் என்கிறார்களே?

கரையும். கண்ணாடியும் வெடிக்கலாம். ஏற்கனவே சிறு கல் பட்ட புள்ளி ஒன்று முன் கண்ணாடியில் இருந்தால் அது அந்த நிமிடமே நீளக் கோடாக ஓடும். ஊற்றிய தண்ணீர் கதவு இடுக்கிலும் வைப்பர் மூட்டிலும் போய் மைனஸில் திரும்ப உறையும், டிரைவ்வேயும் சறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றாலும் வேண்டாம்.

கண்ணாடியில் ஒட்டிய ஐஸை எப்படி எடுப்பது?

கண்ணாடியில் மட்டும்தான் ஸ்கிரேப்பர் வேலை செய்ய வேண்டும். பிளாஸ்ரிக் ஸ்கிரேப்பர் போதும். முனை உடைந்து பல்லுப் பல்லாக ஆகிவிட்டால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். கண்ணாடி பெயின்றைவிடக் கடினமானது என்றாலும் அதிலும் மண் இருக்கிறது. அதனால் முதலில் பனியைத் தட்டிவிட்டு, ஹீற்றர் ஐந்து நிமிடமாவது உள்ளிருந்து சூடு கொடுத்த பிறகு சுரண்டுங்கள். அப்போது ஐஸ் ஓரத்திலிருந்து கழன்று பாளமாக வரும். அவசரப்பட்டு விறைத்த ஐஸைச் சுரண்டினால் கையும் நோகும், விளிம்பில் நழுவி ஸ்கிரேப்பர் பெயின்றிலும் விழும்.

வீட்டில் ஒரு தெளிப்பான் செய்து வைக்கலாம்: மருந்துக்கடையில் விற்கும் 70 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இதை வீட்டுக்குள்ளேயே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கண்ணாடியில் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் ஐஸ் இளகும். பெயின்றில் தெளிப்பதற்கு அல்ல, மெழுகுப் பூச்சைத் தின்னும். கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர் வாங்கும்போது மைனஸ் 35 அல்லது 40 வரை தாங்கும் என்று எழுதியதைத்தான் வாங்குங்கள். கோடையில் ஊற்றிய தண்ணீர் மிச்சம் இருந்தால் நவம்பருக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் உறைந்துவிடும்.

பெயின்றின் மேலேயே ஐஸ் ஒட்டிவிட்டது. என்ன செய்வது?

இதுதான் மிகக் கடினமான நிலைமை. பொறுமை மட்டும்தான் வழி.

2013 டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு நாலைந்து நாளுக்கு முன் பெய்த உறைமழையை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கொப்புகள் ஐஸ் பாரத்தில் முறிந்து விழுந்து, ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. வெளியில் நின்ற கார்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தன. அன்று தெருவில் சுத்தியலின் கைபிடியால் பொனற்றைத் தட்டி ஐஸை உடைத்தவரையும் பார்த்தேன். ஐஸ் உடைந்தது, பொனற்றில் பள்ளமும் விழுந்தது.

பெயின்றில் ஒட்டிய ஐஸைச் சுரண்டவும் கூடாது, தட்டவும் கூடாது. கண்ணாடிகளையும் லைற்றுகளையும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். காருக்குள் ஹீற்றர் சூடேறும்போது கூரையில் உள்ள ஐஸின் அடிப்பக்கம் இளகும். அப்போது நுரைத் தலையை ஐஸின் விளிம்பில் வைத்து மெதுவாக உந்தினால் பாளமாக வழுகி வரும். வரவில்லையா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நிலத்தடிப் பார்க்கிங் உள்ள கடைத்தொகுதி பக்கத்தில் இருந்தால் அங்கே இரண்டு மணித்தியாலம் நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கி வருவது நான் கண்ட நல்ல வைத்தியம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் செருகியபடியே போனிலிருந்து உள்ளே சூடேற்றலாம். எஞ்சின் கார் என்றால் மூடிய கராஜுக்குள் ஓட விடவே கூடாது, கதவு பாதி திறந்திருந்தாலும் கூடாது.

கூரையில் இருப்பதை விட்டுவிட்டு ஓட்டலாமா? நேரம் மிச்சம்தானே?

வேண்டாம். கார் உள்ளே சூடாக, அடியில் உள்ள பனி கரைந்து திரும்ப உறைந்து ஒரு தட்டாகும். 401 நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அது கிளம்பிப் பறந்து பின்னால் வருபவரின் முன் கண்ணாடியில் அடிக்கும். பிரேக் பிடித்தால் உங்கள் முன் கண்ணாடியிலேயே மொத்தமாகச் சரியும், அதைத் தள்ள வைப்பருக்குப் பலம் இல்லை, ஒன்றும் தெரியாமல் ஓட்ட வேண்டி வரும். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஒரு லொறியிலிருந்து பறந்த ஐஸால் 1996இல் இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் பெயரிலேயே இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒன்ராறியோவிலும் முன், பின், பக்கக் கண்ணாடிகள் வழியே தெளிவாகப் பார்க்க முடியாமல் ஓட்டுவது குற்றம்.

ஒரு விரற்கடை விடச் சொன்னேனே, அது முரண் இல்லையா என்று கேட்கலாம். தூள் பனியில் ஒரு விரற்கடை பறந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஈரப் பனி வேறு. பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொட்டும் பனி, பிடித்தால் உருண்டை வரும், கனமாக இருக்கும், இரவில் உறைந்து தட்டாகும். அது கொட்டும் நாளில் உறைய விடாமல் அன்று மாலையே தள்ளிவிடுங்கள். மிஞ்சும் ஈரப் படையை, கார் சூடான பிறகு, நுரைத் தலையால் அழுத்தாமல் வழித்து விட்டால் வழுகி வரும். அப்போது மண்ணும் தண்ணீரோடு போகும், காய்ந்த மண்ணைப் போலக் கீறாது.

வைப்பரைத் தூக்கி நிறுத்தி விடுவது நல்லதா?

உறைமழை என்றால் ஆம், வைப்பர் கண்ணாடியோடு ஒட்டாது. சாதாரணப் பனிக்குத் தேவையில்லை. பெருங்காற்று அடிக்கும் இரவில் தூக்க வேண்டாம், காற்றில் மடிந்து 'டக்' என்று கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி வெடிக்கலாம். சில புதிய கார்களில் வைப்பர் பொனற்றுக்கு அடியில் மறைந்திருக்கும். வெறும் கையால் இழுத்தால் பொனற் விளிம்பில் பெயின்ற் உதிரும், கையேட்டில் சொன்னபடி அதை மேலே கொண்டுவந்த பிறகே தூக்க வேண்டும்.

கதவு உறைந்து திறக்கவில்லை.

இழுக்காதீர்கள், முதலில் உடம்பால் கதவை உள்ளே அழுத்துங்கள். விளிம்பில் உள்ள ஐஸ் நொறுங்கும். இல்லையென்றால் அடுத்த கதவைப் பாருங்கள், ஏதாவது ஒன்று திறக்கும். பிடி கதவோடு சமமாகப் பதிந்திருக்கும் கார்களில் பிடியைச் சுற்றி முட்டிக் கையால் மெதுவாகத் தட்டினால் போதும், ஸ்குரூ டிரைவரைச் செருகக் கூடாது. நவம்பரிலேயே கதவு ரப்பர்களில் சிலிக்கோன் தடவி வைத்தால் இந்தக் கேள்வியே வராது.

முழுக் காரையும் கவரால் மூடினால்?

நல்ல யோசனை போலத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அழுக்குக் காரை மூடினால் காற்று இரவு முழுக்க அந்தத் துணியை மண்ணின் மேல் வைத்துத் தேய்க்கும். ஈரமானால் துணி பெயின்றோடு உறைந்து ஒட்டும். முன் கண்ணாடிக்கு மட்டும் போடும் விரிப்பு நல்லது, கதவுக்குள் செருகி மூடலாம்.

இலை ஊதும் மெஷினால் ஊதலாமா?

தாராளமாக. இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை, ஏனென்றால் எதுவுமே பெயின்றைத் தொடுவதில்லை. பற்றரியில் ஓடும் சின்ன மெஷின் போதும். மைனஸ் 5க்குக் கீழே கொட்டிய தூள் பனி ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். ஈரப் பனிக்கு உதவாது. காலை ஐந்து மணிக்கு அக்கம்பக்கத்தாரின் நித்திரையையும் யோசியுங்கள்.

கமரா, சென்சர், லைற் இவற்றை எப்படிச் சுத்தம் செய்வது?

முன் லைற்றின் மேல்மூடி கண்ணாடி அல்ல, பிளாஸ்ரிக். ஸ்கிரேப்பர் பட்டால் கீறும், மங்கும். பழைய லைற்றுகள் தங்கள் சூட்டிலேயே பனியைக் கரைத்தன. இப்போதைய எல்ஈடி லைற்றுகளின் முகம் சூடாவதில்லை, அதனால் நீங்கள்தான் துடைக்க வேண்டும், நெடுந்தூரம் போனால் இடையில் நிறுத்தியும் துடைக்க வேண்டும். பின் கமராவைக் கண்ணாடி கழுவும் தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். பல கார்களில் முன் சின்னத்துக்குப் பின்னால்தான் ராடர் இருக்கிறது, அதில் ஐஸ் படிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி வேலை செய்யாது. பிள்ளைகள் உதவிக்கு வந்தால் நம்பர் பிளேற்றையும் கண்ணாடிகளையும் கொடுங்கள், சந்தோசமாகச் செய்வார்கள்.

மெழுகோ செராமிக் பூச்சோ உதவுமா?

உதவும். கீறலைத் தடுக்கும் கவசம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் பனியும் அழுக்கும் ஒட்டுவது குறையும், பனி தானாக வழுகும். மெழுகு பூசுவதற்கு வெப்பம் 10 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், ஆகவே ஒக்ரோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வின்ரரில் கார் கழுவலாமா?

கட்டாயம் கழுவ வேண்டும். அடியில் மண் இல்லாத காரில் பனி தள்ளினால் கீறலும் இல்லை. பனி வரும் என்று செய்தியில் சொன்னால் முதல்நாளே கழுவிவிடுவது என் வழக்கம். பிரஷ் படாத, தண்ணீரை மட்டும் பீய்ச்சி அடிக்கும் கழுவுமிடத்துக்குப் போங்கள். சுழலும் பிரஷ்ஷில் முன்னால் போன 50 காரின் மண் இருக்கும். அடிப்பகுதியையும் கழுவச் சொல்லுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். மைனஸ் 5க்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து, கழுவியதும் கதவு ரப்பர்களைத் துடைத்துவிடுங்கள்.

கீறல் விழுந்துவிட்டது. இனி?

நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கவில்லை, தண்ணீர் பட்டதும் கீறல் மறைகிறது என்றால் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. வசந்தம் வந்ததும் பொலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொலிஷும் அந்தப் பாதித் தாளிலிருந்து கொஞ்சத்தைத் தின்னும் என்பதால் அடிக்கடி செய்ய முடியாது. நகம் தடக்கினால் ஆழமான கீறல். உள்ளே சாம்பல் நிறமோ உலோகமோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள், உப்பு ஒரே வின்ரரில் அதைத் துருவாக்கும். கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் பெயின்ற் இலக்கம் இருக்கும், பல கார்களில் அங்கேதான் தேட வேண்டும். அதே இலக்கத்தில் சின்னப் போத்தல் வாங்கி, வெப்பமான இடத்தில் கழுவி உலர்த்தி, நுனியால் தொட்டு வையுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது.

புகைக்குழாய், கூரையின் மேல்பனி, எல்லாக் கண்ணாடிகளும், லைற்றுகள். பொனற்றில் இருப்பதில் காற்றுக்கு எழும்பி முன் கண்ணாடியில் அடிக்கும் அளவை மட்டும் எடுத்துவிடுங்கள். கதவுப் பக்கங்களையும் பம்பரையும் தொடவே வேண்டாம், மண் அதிகம் உள்ள இடங்கள் அவைதான், அங்கே இருக்கும் பனியால் யாருக்கும் ஆபத்தும் இல்லை. இரவில் படுக்கப் போகும் முன் ஒருமுறை வெளியே போய் மேல்பனியைத் தள்ளிவிட்டால் காலையில் பாதி வேலை இருக்காது.

பிரஷ்ஷை எங்கே வைப்பது?

டிக்கியில் அல்ல, டிக்கியும் உறையும். பின் இருக்கையின் காலடியில் ஒரு பையைப் போட்டு அதற்குள் வையுங்கள். இரவு பனி கொட்டும் என்றால் வீட்டுக்குள் கொண்டுபோய் வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். காலையில் எடுக்கும்போது நுரை காய்ந்து மென்மையாக இருக்கும்.